மீனவ ஊர்களில் இரத்த அழுத்த ஆய்வு: ஒரு முதுநிலை மாணவியால் செய்து முடிக்கக்கூடியதா?

முதுநிலை மாணவி, புதுச்சேரி

அனைவருக்கும் வணக்கம். சமூக மருத்துவத்தில் எம்.டி. முதலாம் ஆண்டு படிக்கிறேன். ஆய்வேட்டுக்கு நான் எடுத்துக்கொள்ள நினைக்கும் கேள்வி இது: கடலூர், புதுச்சேரிக் கடற்கரை ஊர்களில் 30 வயதைக் கடந்த மீனவ ஆண்களில், உயர் இரத்த அழுத்தத்துக்கு ஏற்கெனவே மாத்திரை எழுதித் தரப்பட்டவர்களிடம் வாரந்தோறும் தொலைபேசியில் பேசி நினைவூட்டினால், ஆறு மாத முடிவில் அழுத்தம் 140/90-க்குக் கீழே இருப்போரின் விகிதம் கூடுமா? ஊர்களைக் குலுக்கல் முறையில் இரண்டு அணிகளாகப் பிரிப்பது என் திட்டம். ஓர் அணிக்கு அழைப்பு உண்டு. மற்றோர் அணிக்கு வழக்கமான சிகிச்சை மட்டும்.

தலைப்பைக் கேட்ட என் வழிகாட்டி, "நல்ல கேள்விதான், ஆனால் செய்ய முடியுமா என்று பார்த்துவிட்டு வா" என்று சொல்லி அனுப்பிவிட்டார். பாடநூல்களில் 'சாத்தியக்கூறு' என்பதற்கு ஆள், நேரம், பணம், திறன் என்று நான்கு சொற்கள்தான் கிடைக்கின்றன. அவற்றை வைத்துக்கொண்டு எதை, எங்கே போய், எப்படி மதிப்பிடுவது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். களப்பணிக்கு எனக்குப் பதினெட்டு மாதங்கள் கிடைக்கும். பண உதவி எதுவும் இல்லை.

புள்ளிக்கணக்கர்

முதலில் மாதிரி அளவைப் போட்டுப் பார்ப்போம். பாதி விவாதம் அதிலேயே தீர்ந்துவிடும். பின்வரும் எண்கள் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை, உங்கள் ஊர்களில் அளந்தவை அல்ல.

வழக்கமான சிகிச்சையில் 40 சதவீதத்தினருக்கு அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது என்றும், அழைப்பால் அது 55 ஆக உயரும் என்றும் எதிர்பார்க்கிறீர்கள் எனக் கொள்வோம். 80 சதவீதத் திறனில் (அதாவது, வேறுபாடு உண்மையிலேயே இருந்தால் அதைக் கண்டுபிடிக்க 80 சதவீத வாய்ப்பு இருக்கும்படி) அணிக்கு ஏறத்தாழ 170 பேர் வேண்டும். இத்துடன் நிறுத்திக்கொண்டு "மொத்தம் 340 பேர், எளிதுதான்" என்று எழுதிவிடுவோர் உண்டு. ஆனால் நீங்கள் குலுக்கப்போவது ஆட்களை அல்ல, ஊர்களை. ஓர் ஊர்க்காரர்கள் ஒரே சுகாதார நிலையத்துக்குப் போகிறார்கள், ஒரே கடையில் உப்பும் கருவாடும் வாங்குகிறார்கள். ஆகவே அவர்கள் ஓரளவு ஒருவரையொருவர் ஒத்திருப்பார்கள். அந்த ஒப்புமைக் கெழு 0.02 என்ற சிறிய எண்ணாக இருந்தாலும், ஊருக்கு 40 பேர் என்றால் வடிவமைப்பு விளைவு (ஊர்களைக் குலுக்குவதால் ஆள் எண்ணிக்கை பெருக வேண்டிய மடங்கு) 1 + (39 × 0.02), அதாவது 1.78 ஆகிறது. 170 பேர் 303 பேர் ஆகிவிட்டார்கள். ஆறு மாதத்தில் ஐந்தில் ஒருவர் விலகிப்போவார் என்றும் கொண்டால், ஊருக்கு 50 பேர் வீதம் 16 ஊர்களில் 800 பேரைச் சேர்த்தாக வேண்டும்.

16 ஊர்கள், 800 பேர், வாரம் ஓர் அழைப்பு, ஒரே ஒரு மாணவி. அழைப்பு அணியில் மட்டும் 400 பேர் இருப்பார்கள். வாரத்தில் ஆறு நாள் வேலை செய்தாலும் நாளொன்றுக்கு 66 அழைப்புகளுக்கு மேல் வரும், எடுக்காதவர்களைத் திரும்ப அழைப்பது தனி. இந்த வடிவத்தில் முடியாது என்பதே என் முடிவு.

ஓய்வுபெற்ற பேராசிரியர்

புள்ளிக்கணக்கர் சொன்ன கணக்கு சரி. இந்த இடத்தில்தான் நம் துறையின் பழைய தந்திரம் ஒன்று தலைகாட்டும் என்பதால் முன்கூட்டியே எச்சரிக்கிறேன். 800 பேர் முடியாது என்று தெரிந்தவுடன், "40-லிருந்து 65 ஆக உயரும்" என்று எதிர்பார்ப்பைக் கூட்டிக்கொள்வார்கள். தேவைப்படும் எண்ணிக்கை மளமளவென்று இறங்கிவிடும். பரவல் அளவை, அதாவது எத்தனை சதவீதத்தினருக்கு நோய் இருக்கிறது என்பதைக் கணக்கிடும் ஆய்வுகளிலும் இதே கதைதான். பரவல் 30 சதவீதம், துல்லியம் (இரு பக்கமும் அனுமதிக்கும் பிழை) 5 சதவீதம் என்றால் 323 பேர் தேவை. அதே துல்லியத்தை 10 ஆகத் தளர்த்தினால் 81 பேர் போதும். கையிலிருக்கும் ஆட்களின் எண்ணிக்கையை முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்கு ஏற்றபடி சூத்திரத்தை வளைப்பது சாத்தியக்கூறு மதிப்பீடு ஆகாது. தேர்வாளராக இருந்த காலத்தில் இப்படி வளைக்கப்பட்ட ஆய்வேடுகளை மாதிரி அளவுப் பத்தியைப் படித்தவுடனேயே அடையாளம் கண்டுகொள்வேன்.

காலக்கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எழுத்துத் தேர்வுக்கு ஆறு மாதம் முன்பே ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். பின்தொடர்வுக்கு ஆறு மாதம், தரவைச் சரிபார்த்து எழுத நான்கைந்து மாதம் என்று பின்னாலிருந்து கழித்துக்கொண்டே வாருங்கள். ஆட்களைச் சேர்க்க உண்மையில் எத்தனை மாதம் மிஞ்சுகிறது என்று பார்த்தால் வழிகாட்டி ஏன் அப்படிக் கேட்டார் என்பது விளங்கும்.

கரையோரச் செவிலி, கடலூர்

டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். எனக்குச் சூத்திரம் தெரியாது, பதிவேடு தெரியும். ஆரம்ப சுகாதார நிலையத்தின் தொற்றாநோய்ப் பதிவேட்டில் ஓர் ஊருக்கு 100 பெயர் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரே ஆள் இரண்டு எழுத்துக்கூட்டலில் இரண்டு முறை இருப்பார். சிலர் இறந்திருப்பார்கள், சிலர் கேரளத்துக்கோ மங்களூருக்கோ படகு வேலைக்குப் போயிருப்பார்கள், சிலர் தனியார் மருத்துவரிடம் மாறியிருப்பார்கள். பெண்கள்தாம் நிலையத்துக்கு வந்து பதிந்துகொள்வார்கள் என்பதால், நீங்கள் கேட்கும் 30 வயதைக் கடந்த ஆண்கள் அந்த நூறில் சிறுபகுதியே. ஆண்களுக்கான மாத்திரையையும் பெரும்பாலும் மனைவிதான் வாங்கிப்போகிறார். பதிவேட்டின்படி கணவர் 'தொடர் சிகிச்சையில் இருப்பவர்'. அவர் கையில் அழுத்தமானிப் பட்டையைச் சுற்றி எத்தனை மாதமானது என்று கேட்டால் வீட்டில் யாருக்கும் நினைவிருக்காது.

இன்னொன்று, மாநில எல்லை. தாழங்குடா ஊர்க்காரருக்குத் தென்பெண்ணையைக் கடந்தால் சிறிது தூரத்திலேயே புதுச்சேரி எல்லை தொடங்கிவிடுகிறது. எங்கள் பதிவேட்டில் 'சிகிச்சையை விட்டவர்' என்று சிவப்பு மையில் எழுதப்பட்ட ஒருவர் ஜிப்மரிலோ பாகூர்ப் பக்கத்திலோ ஒழுங்காக மாத்திரை வாங்கிக்கொண்டிருக்கலாம். தமிழ்நாட்டுப் பதிவேடும் புதுச்சேரிப் பதிவேடும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை. நீங்கள் இரண்டு பக்கமும் ஊர் எடுப்பதாக இருந்தால், சென்னையில் பொது சுகாதார இயக்குநரகத்தின் அனுமதி ஒன்று, புதுச்சேரி சுகாதாரத் துறையின் அனுமதி ஒன்று என இரண்டு வாசல் ஏற வேண்டும். இரண்டும் ஒரே மாதத்தில் திறக்கும் என்று நம்பித் திட்டம் போடாதீர்கள்.

மேலும், எங்கள் பக்கம் 2021 ஆகஸ்டு முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் தன்னார்வலர்கள் வீட்டுக்கே மாத்திரை கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். அப்படியானால் உங்கள் 'வழக்கமான சிகிச்சை' என்பது எல்லைக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் வேறொன்று. இதை எப்படி ஒப்பிடுவீர்கள்?

முதுநிலை மாணவி, புதுச்சேரி

சகோதரிக்கு மிக்க நன்றி. கடைசிக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஊர்களை ஒரே பக்கத்தில் எடுப்பதே முறை என்று தோன்றுகிறது. ஆட்களைச் சேர்க்க மீன்பிடித் தடைக்காலத்தைப் பயன்படுத்தலாம் என்று நினைத்திருந்தேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் ஆண்கள் கரையில்தானே இருப்பார்கள்?

தேவனாம்பட்டினத்துக்காரன்

அக்கா, நான் மருத்துவத் துறை இல்லை. பிறந்து வளர்ந்த ஊர் கடற்கரை என்பதால் எழுதுகிறேன். தடை விசைப்படகுகளுக்குத்தான், நாட்டுப்படகும் கட்டுமரமும் போய்க்கொண்டுதான் இருக்கும். விசைப்படகுக்காரர்கள் கரையில் இருப்பார்கள் என்பது உண்மை. ஆனால் வீட்டில் இருப்பார்கள் என்று எண்ண வேண்டாம். படகைக் கரையேற்றிப் பலகை மாற்றுவது, வண்ணம் பூசுவது, இயந்திரத்தைப் பிரிப்பது, வலை சீர்செய்வது எல்லாம் அந்த இரண்டு மாதத்தில்தான். பகலில் துறைமுகத்தில் தேடினால் கிடைப்பார்கள்.

மற்ற நாட்களில் ஃபைபர் படகுகள் விடியுமுன் புறப்பட்டுக் காலையில் திரும்பும். அந்த நேரத்தில் ஏலக் களத்துக்கு வந்து கையை நீட்டச் சொன்னால் யாரும் நீட்ட மாட்டார்கள். மீனைக் கொட்டி, ஏலம் முடிந்து, பங்கு பிரித்து, வலையை உதறிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கிவிடுவார்கள். மாலை நான்கரைக்கு மேல் வலைக்கூடத்தில் உட்கார்ந்திருப்பார்கள், அதுதான் நேரம். கைப்பேசியைக் கடலுக்குக் கொண்டுபோவோரும் கொஞ்ச தூரம் போனதும் அலைவரிசை இல்லாமல் இருப்பார்கள். ஆழ்கடலுக்குப் போகும் விசைப்படகுகள் திரும்பப் பல நாளாகும். வாரம் ஓர் அழைப்பு என்றால் பாதி வாரம் அம்மாவோ மனைவியோதான் எடுப்பார்கள்.

முதலில் ஊர்ப் பஞ்சாயத்தாரைப் பாருங்கள். அவர்களுக்குத் தெரியாமல் கையில் படிவத்தோடு தெருவுக்குள் நுழைந்தால், சுனாமிக்கும் தானே புயலுக்கும் வந்து எழுதிக்கொண்டு போனவர்கள் என்றுதான் நினைப்பார்கள்.

கரையோரச் செவிலி, கடலூர்

தம்பி சொல்வது நூற்றுக்கு நூறு. தடைக்காலத்தில் இது இன்னும் மோசம், ஏனென்றால் தடைக்கால நிவாரணத்துக்குக் கணக்கெடுப்பதும் அதே சமயத்தில்தான். ஒரு முறை நாங்கள் சர்க்கரை நோய்ப் பரிசோதனைக்காகப் பட்டியல் எடுக்கப் போனபோது, ஒரு வயதான அம்மா குடும்ப அட்டை, ஆதார், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம் மூன்றையும் ஒளிநகல் எடுத்து, நூல் போட்டுக் கட்டி, நாங்கள் கேட்கும் முன்பே கையில் திணித்துவிட்டார். இது நிவாரணம் இல்லை என்று விளக்கிய பிறகும், "எழுதிக்கோ, எதுக்காவது ஆகும்" என்றார். அப்படிச் சம்மதித்தவரைச் சம்மதித்தவர் என்று எழுதிக்கொள்ளலாமா?

நெறிமுறைக் குழு உறுப்பினர்

செவிலியின் கேள்விக்கு என் பதில், எழுதிக்கொள்ளக் கூடாது என்பதே. நிவாரணம் கிடைக்கும் என்ற எண்ணத்தில் தரப்படும் ஒப்புதல் செல்லுபடியாகாது. தகவல் தாளின் முதல் வரியிலேயே "இது அரசு நிவாரணக் கணக்கெடுப்பு அல்ல, இதில் சேர்வதாலோ சேராமல் இருப்பதாலோ எந்த உதவித்தொகையும் கூடவோ குறையவோ செய்யாது" என்று இருக்க வேண்டும். கையெழுத்து வாங்குமுன் அவர் புரிந்துகொண்டதை அவர் வாயாலேயே திரும்பச் சொல்லவைத்துப் பார்ப்பது நல்லது. ஊர்ப் பஞ்சாயத்தாரின் அனுமதி அவசியமான மரியாதை. ஆயினும் அது தனிமனிதரின் ஒப்புதலுக்கு மாற்றாகாது. ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017-இல் வெளியிட்ட தேசிய நெறிமுறை வழிகாட்டுதல்களும் இதையே சொல்கின்றன. ஊர்த் தலைவர் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கும்போது ஒருவரால் "வேண்டாம்" என்று சொல்ல முடியுமா என்பதையும் யோசியுங்கள்.

சாத்தியக்கூற்றில் பலரும் கணக்கிலேயே சேர்க்காத செலவு ஒன்று உண்டு. நீங்கள் அளக்கும்போது ஒருவருக்கு 180/110 அல்லது அதற்கு மேல் இருந்தால் என்ன செய்வீர்கள்? எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போக முடியாது. அன்றே யாரிடம் அனுப்புவது, மாலை நேரத்தில் அங்கே மருத்துவர் இருப்பாரா, வண்டிச் செலவு யாருடையது, ஒப்பீட்டு அணியில் இருப்பவருக்கும் இதே உதவி உண்டா என்பதையெல்லாம் ஆய்வுத் திட்டத்தில் எழுதியிருக்க வேண்டும். இதை எழுதாத திட்டங்களை எங்கள் குழு திருப்பி அனுப்புகிறது. ஒரு சுற்று திரும்பினாலே உங்கள் பதினெட்டு மாதத்தில் ஒரு பகுதி போய்விடும்.

தலையீட்டு ஆய்வு என்பதால் முதல் ஆளைச் சேர்க்குமுன் சி.டி.ஆர்.ஐ. எனும் இந்திய மருத்துவச் சோதனைகள் பதிவகத்தில் பதிவு செய்தாக வேண்டும். 2018 ஏப்ரல் முதல் அங்கே பின்தேதியிட்டுப் பதிய முடியாது. பதிவேட்டிலுள்ள தொலைபேசி எண்களை நீங்களே எடுத்து அழைக்கவும் கூடாது. முதல் அழைப்பு நிலையத்தின் ஊழியரிடமிருந்து போய், அவர் சம்மதித்த பிறகுதான் எண் உங்கள் கைக்கு வர வேண்டும்.

புள்ளிக்கணக்கர்

தடைக்காலத்தைப் பற்றி இன்னொரு சிக்கல். கோடை வெப்பத்தில் இரத்த அழுத்தம் சற்று இறங்கியும் குளிர்மாதங்களில் சற்று ஏறியும் இருக்கும் என்பது நன்கு அறியப்பட்டது. மே மாதத்தில் சேர்த்து, ஆறு மாதம் கழித்து நவம்பரில் அளந்தால், உங்கள் அழைப்பு வேலை செய்திருந்தாலும் எண் ஏறியிருக்கலாம். அதோடு மே மாதத்து மீனவர் வேலையில்லாத, வருமானமில்லாத, இரவு முழுவதும் தூங்குகிற மனிதர். நவம்பரில் புயல் எச்சரிக்கையைப் பார்த்துக்கொண்டே கடலுக்குப் போய்வருகிறவர். ஒப்பீட்டு அணி இருந்தால் இந்த ஏற்ற இறக்கம் இரு பக்கமும் சமமாக விழும். ஆகவே "ஒப்பீட்டு அணியை விட்டுவிட்டு முன், பின் மட்டும் பார்க்கிறேன்" என்று மட்டும் சுருக்கிவிடாதீர்கள். ஆள் குறைவென்றால் பலரும் முதலில் கைவைப்பது அதில்தான்.

அளக்கும் முறைக்கும் ஐந்து நிமிட ஓய்வு, மூன்று முறை அளவீடு, பின்னிரண்டின் சராசரி என்று நேரம் ஒதுக்க வேண்டும். முன்னரே பீடி, தேநீர் ஏதாவது ஆகியிருந்தால் அரை மணி காத்திருப்பு. ஒப்புதலையும் சேர்த்தால் ஓர் ஆளுக்கு முக்கால் மணி நேரம் ஆகும். மாலை நான்கரையிலிருந்து ஏழு வரை என்றால் ஒரு நாளில் மூன்று பேர். உதவிக்கு ஒருவர் இருந்தால் ஐந்தாறு பேர்.

ஓய்வுபெற்ற பேராசிரியர்

மருந்தியல் அறிஞர் லூயிஸ் லசாக்னாவின் பெயரால் வழங்கும் 'லசாக்னா விதி' ஒன்று உண்டு: ஆய்வு தொடங்கும் நாளில் தகுதியான நோயாளிகளின் எண்ணிக்கை திடீரெனச் சுருங்கிவிடும், முடிந்த மறுநாள் பழையபடி பெருகிவிடும். வேடிக்கையாகச் சொல்லப்பட்டதுதான். ஆனால் செவிலி விவரித்த பதிவேடே அதன் விளக்கம்; நோயாளிகள் மறைந்துபோவதில்லை, முதலிலேயே நாம் எண்ணியவர்கள் அத்தனை பேர் இல்லை.

மாணவிக்கு என் பரிந்துரை: முழுச் சோதனையை விடுங்கள். 'இதைச் செய்ய முடியுமா' என்பதையே ஆய்வேட்டின் கேள்வியாக்குங்கள். எல்லைக்கு ஒரே பக்கத்தில் நான்கு ஊர்கள், ஊருக்குப் பதினைந்து பேர், மொத்தம் 60 பேர். இரண்டு ஊருக்கு அழைப்பு, இரண்டு ஊருக்கு இல்லை. பதிவேட்டுப் பெயர்களில் எத்தனை பேரைக் கண்டுபிடிக்க முடிந்தது, அவர்களில் எத்தனை பேர் சம்மதித்தார்கள், அழைப்பில் எத்தனை உரியவரையே அடைந்தது, ஆறு மாதத்தில் எத்தனை பேரைத் திரும்ப அளக்க முடிந்தது என்ற நான்கு விகிதங்களே உங்கள் முடிவுகள். இத்தகைய முன்னோடி, சாத்தியக்கூறு ஆய்வுகளை எப்படி அறிக்கையிடுவது என்பதற்கு மருத்துவச் சோதனைகளை அறிக்கையிடும் நெறிகளை வகுக்கும் கன்சார்ட் அமைப்பு 2016-இல் தனி விரிவாக்கமே வெளியிட்டிருக்கிறது, துறைக்கூட்டத்தில் யாராவது "இது ஆய்வா?" என்று கேட்டால் அதை எடுத்துக்காட்டலாம்.

புள்ளிக்கணக்கர்

உடன்படுகிறேன், இரண்டு நிபந்தனைகளோடு. ஒன்று, 'தொடரலாம், திருத்தித் தொடரலாம், நிறுத்த வேண்டும்' என்பதற்கான எல்லைகளைத் தரவு வருமுன்னே எழுதிவைக்க வேண்டும். கண்டுபிடித்தவர்களில் 70 சதவீதத்துக்கு மேல் சம்மதித்தால் தொடரலாம், 50-க்குக் கீழென்றால் நிறுத்தலாம் என்பதுபோல. இரண்டு, 60 பேரை வைத்துக்கொண்டு அழுத்தம் குறைந்ததா என்று பி மதிப்பு (வேறுபாடு தற்செயலானதா என்று சோதிக்கும் எண்) போட்டுப் பார்க்கக் கூடாது. இந்தச் சிறிய எண்ணிக்கையில் விகிதங்களே எவ்வளவு ஆடும் தெரியுமா? ஓர் அணியின் 30 பேரில் 24 பேர் கடைசிவரை இருந்தார்கள் என்றால் 80 சதவீதம்; ஆனால் அதன் 95 சதவீத நம்பக இடைவெளி (உண்மையான விகிதம் இருக்கக்கூடிய வரம்பு) ஏறத்தாழ 63 முதல் 90 வரை விரிகிறது. 63 என்றால் முழுச் சோதனைக்கு இன்னும் எத்தனையோ பேர் வேண்டும். இந்த விரிவை மறைக்காமல் எழுதுங்கள்.

முதுநிலை மாணவி, புதுச்சேரி

வழிகாட்டியிடம் இன்று பேசினேன். நான்கு ஊர் வடிவத்துக்கு அவர் ஒத்துக்கொண்டார். ஆனால் "பி மதிப்பு இல்லாத ஆய்வேட்டை வெளித்தேர்வாளர் எப்படி எடுத்துக்கொள்வாரோ" என்ற தயக்கம் அவருக்கு இருக்கிறது. அந்தக் கவலை நியாயமற்றது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

இதுவரை முடிவானவை: ஊர்கள் புதுச்சேரிப் பக்கம் மட்டும். ஒன்றின் பேச்சு மற்றொன்றுக்குப் போகாதபடி, அழைப்பு ஊர்களும் ஒப்பீட்டு ஊர்களும் அடுத்தடுத்து இராமல் பார்த்துக்கொள்வேன். அளவீடு மாலையில், வலைக்கூடத்துக்கு அருகில், ஆனால் தனியிடத்தில். அழைப்பை மனைவி எடுத்தால் அதையும் தனியாகக் குறித்துக்கொள்வேன். பெரும்பாலான அழைப்புகள் அவர்களிடமே போகுமானால், நினைவூட்ட வேண்டியது யாரிடம் என்ற கேள்விக்கே அது விடையாகலாம்.

ஓய்வுபெற்ற பேராசிரியர்

வழிகாட்டியின் தயக்கம் இருக்கட்டும். தேர்வாளர்கள் பல விதம். சிலர் கேட்கத்தான் செய்வார்கள். ஆய்வுத் திட்டத்திலேயே "இவ்வாய்வு விளைவைச் சோதிப்பதற்கானது அல்ல" என்று ஒரு வரி எழுதி, துறையின் ஒப்புதலை வாங்கிவைத்துக்கொண்டால் வாய்மொழித் தேர்வில் அது துணைநிற்கும்.

தேவனாம்பட்டினத்துக்காரன்

புதுச்சேரிப் பக்கம் என்றால் வீராம்பட்டினத்தில் ஆடி மாதம் செங்கழுநீர் அம்மன் தேர் வரும். அந்த நாட்களில் யாரும் உங்களுக்குக் கிடைக்க மாட்டார்கள். மாசி மகத்தன்று வைத்திக்குப்பத்துப் பக்கமும் போகாதீர்கள். ஊர் பெயர்கள் முடிவானதும் இங்கே சொல்லுங்கள் அக்கா. நல்லவாட்டிலும் பனித்திட்டிலும் எங்களுக்குப் பெண் கொடுத்த வீடுகள் இருக்கின்றன. பஞ்சாயத்தாரிடம் பேச யாரைப் பார்ப்பது என்று கேட்டுச் சொல்கிறேன்.

நெறிமுறைக் குழு உறுப்பினர்

தம்பியின் உதவி நல்லதுதான். அறிமுகம் செய்துவைப்பவர் ஒப்புதல் வாங்கும் நேரத்தில் உடனிருக்கக் கூடாது என்பதை மட்டும் ஆய்வுத் திட்டத்தில் சேர்த்துவிடுங்கள்.